74 வயசு அம்மைக்கு ஒரு நாளைக்கு 16 மாத்திரை, எல்லாம் வேணுமா? யார்கிட்ட காட்டணும்?

திருவட்டார் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க அம்மைக்கு 74 வயசு, எடை 46 கிலோ. அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிக்கொட்டை ஆலைல, குத்த வெச்சு இருந்து வேல பாத்தே முட்டு ரெண்டும் தேஞ்சு போச்சு, பி.பி.யும் சுகரும் பல வருஷமா உண்டு. நான் கல்யாணம் ஆகி கோயம்புத்தூர்ல இருக்கேன், லீவுக்கு வந்தப்ப தான் கவனிச்சேன், அம்மை நடக்கது ஒரு மாதிரி இருக்கு, காலைத் தூக்கி வைக்காம தேச்சு தேச்சு நடக்காவ, வலது கை சும்மா மடியில வெச்சிருக்கும்போது ஆடுது, முகத்துல சிரிப்பே இல்ல, கேட்டதுக்கு பதில் சொல்ல நேரம் எடுக்காவ. பக்கத்து வீட்டுல எல்லாரும் வயசாச்சுல்லா அப்படித்தான் இருக்கும்னு சொல்லுதாவ. எனக்கு மனசு கேக்கல, ஆறு மாசம் முன்ன வரைக்கும் இவங்க தனியா சந்தைக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்தவங்க.

மாத்திரை வெச்சிருக்க பிஸ்கட் டப்பாவ தொறந்து பாத்தேன். காலைல 9, மதியம் 1, ராத்திரி 6. எல்லா அட்டையிலயும் உள்ள பேர பாத்து எழுதியிருக்கேன், தப்பா இருந்தா சொல்லுங்க:

பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) குடுக்கது பி.பி.க்கு அம்லோடிபின் 5 காலைல, சுகருக்கு மெட்பார்மின் 500 காலைலயும் ராத்திரியும். நாகர்கோவில்ல ஒரு சுகர் டாக்டர்கிட்ட காட்டினப்ப எழுதுனது க்ளிமெப்பிரைடும் மெட்பார்மினும் சேந்த ஒரு மாத்திரை காலைல, அப்புறம் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் ராத்திரி. கால் வீங்குதுன்னு வேற ஒரு ஆஸ்பத்திரிக்கு போனப்ப நீர் போக ப்யூரோசெமைடு. அது போட்ட பிறகு எந்திரிச்சா கெறக்கம் வருதுன்னு சின்னரிசின் மூணு நேரம். முட்டு வலிக்கு அசிக்ளோபெனாக் ரெண்டு நேரம், இது மெடிக்கல்ல நேரா வாங்குகது. வலி மாத்திரையால வயிறு எரியுதுன்னு காலைல வெறும் வயித்துல ஒரு கேஸ் கேப்சூல், அதுல பேன்டோபிரசோல், லீவோசல்பிரைடுன்னு ரெண்டு பேர் போட்டிருக்கு. கை நடுங்குதுன்னு சொன்னதும் ட்ரைஹெக்சிபெனிடில் ரெண்டு நேரம். தூக்கத்துக்கு அல்பிரசோலம். கால்சியம் ஒண்ணு.

ஒவ்வொரு டாக்டரும் நல்லபடியா தான் பாத்தாவ, யாரையும் குத்தம் சொல்ல வரல. ஆனா இந்த 16-ஐயும் ஒண்ணா சேத்து வெச்சு பாத்தவங்க யாருமே இல்ல. இப்ப நடுக்கத்துக்கு திருவனந்தபுரம் கொண்டு போய் நரம்பு டாக்டர பாக்கணும்னு அண்ணன் சொல்லுதான். அதுக்கு முன்ன இந்த மாத்திரைகள யார்கிட்ட காட்டணும்? ட்ரைஹெக்சிபெனிடில் போட்ட பிறகு மலச்சிக்கலும் மறதியும் ரொம்ப கூடியிருக்கு, அதையும் சொல்லணும்.

மார்த்தாண்டம் பார்மசிஸ்ட்:

அக்கா நீங்க பேர் பேரா எழுதுனது ரொம்ப நல்லது, பாதி பேரு "ரோஸ் கலர் மாத்திரை, நீள மாத்திரை"ன்னு தான் சொல்லுவாங்க, அதுல நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது. நான் கவுன்டர்ல நிக்கிறவன், டாக்டர் இல்ல, ஆனா உங்க லிஸ்ட்ல ரெண்டு விஷயம் பாத்ததும் தெரியுது.

ஒண்ணு, மெட்பார்மின் ரெண்டு இடத்துல இருந்து வருது. பி.எச்.சி. மெட்பார்மின் தனி, நாகர்கோவில் மாத்திரைக்குள்ளயும் மெட்பார்மின் இருக்கு. பேர் வேற அட்டை வேற, அதனால வீட்டுல தெரியாது. கம்பெனி பேரு பெருசா இருக்கும், உள்ள என்ன மருந்துங்கறது அதுக்கு கீழ சின்ன எழுத்துல இருக்கும், அந்த சின்ன எழுத்தத்தான் பாக்கணும். இதே மாதிரி டெல்மிசார்டன்ங்கற பி.பி. மாத்திரைய ரெண்டு கம்பெனி பேர்ல காலைலயும் ராத்திரியும் சாப்பிட்டுட்டு எந்திரிக்க முடியாம கெடந்தவர எனக்கு தெரியும்.

ரெண்டாவது அந்த லீவோசல்பிரைடு. எங்க கடையில வயசானவங்க கேஸ் மாத்திரைன்னு வந்து கேக்குறதுல பாதி இது சேந்தது தான், வயிறு லேசா ஆகுதுன்னு மாசக்கணக்கா வருஷக்கணக்கா வாங்குறாங்க. சின்னரிசினும் அப்படித்தான், கெறக்கம் வந்தா பத்து நாளைக்கு எழுதுன சீட்ட வெச்சுகிட்டு ரெண்டு வருஷம் வாங்குவாங்க. நடுக்கத்துக்கும் இந்த ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையான்னு டாக்டர் வந்து சொல்லட்டும், நான் படிச்ச வரைக்கும் உண்டு.

இன்னொண்ணு எல்லாருக்கும் பொதுவா சொல்றேன், தயவு செஞ்சு கேளுங்க. அல்பிரசோலம் ஷெட்யூல் எச்1 மருந்து, 2014 மார்ச் 1-ல இருந்து அது சட்டம். சீட்டு இல்லாம குடுக்க கூடாது, குடுத்தா டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தன மாத்திரைன்னு தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். நாங்க சீட்டு கேட்டா சண்டைக்கு வராதீங்க. அப்புறம் இந்த செட்டு மாத்திரை, பேப்பர் கவர்ல ரெண்டு வெள்ளை ஒரு மஞ்சள் ஒரு குட்டி மாத்திரைன்னு உதிரியா மடிச்சு குடுப்பாங்கல்ல, ரப்பர் வெட்டப் போறவங்க, மீன் கொண்டு விக்கிற அம்மாமாரு எல்லாரும் உடம்பு வலிக்கு வாங்குறது, அந்த குட்டி மாத்திரை பல இடத்துல டெக்சாமெத்தசோன் இல்லன்னா பிரெட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு. வலி உடனே பறந்து போகும், அதனால கைராசின்னு சொல்லுவாங்க. சுகர் ஏறும், பி.பி. ஏறும், எலும்பு உளுத்துப் போகும், வயித்துல புண்ணு வரும். பல மாசம் சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தவும் கூடாது. உங்க அம்மா அசிக்ளோபெனாக் கூட செட்டும் வாங்குறாங்களான்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

கருங்கல் டு குவைத்:

எங்க அப்பாவுக்கு நடந்தத சொல்றேன், யாருக்காவது உதவும். அப்பாக்கு 79, சுகருக்கு க்ளிபென்கிளமைடுன்னு ஒரு பழைய மாத்திரை, இருபது வருஷமா அதே டோஸ், சுகர் எப்பவும் கன்ட்ரோல்ல இருக்குன்னு எங்களுக்கு பெருமை வேற. போன மழைக்காலத்துல வயித்தால போச்சு, ரெண்டு நாள் கஞ்சித்தண்ணி மட்டும் தான் இறங்குச்சு, ஆனா மாத்திரைய மட்டும் விடாம போட்டிருக்காரு, ஏன்னா மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு தான எல்லாரும் சொல்லிக் குடுத்திருக்காங்க. விடியக்காலைல அம்மா தட்டி எழுப்புனா சட்டையெல்லாம் வேர்வைல நனைஞ்சு கெடக்கு, கண்ண தொறக்கல, வாய் கொழறுது. ஸ்ட்ரோக்னு நினைச்சு 108-ஐ கூப்பிட்டாங்க. வண்டில வந்தவங்க விரல்ல குத்திப் பாத்தா சுகர் 38. குளுக்கோஸ் ஏத்துனதும் கண்ண முழிச்சு என்ன எங்க கொண்டு போறீங்கன்னு கேட்டாராம்.

அதுக்கப்புறம் தான் கஷ்டம், சரியாயிட்டாரேன்னு வீட்டுக்கு கூட்டிட்டு போக பாத்தா டாக்டர் விடல, அந்த மாத்திரை உடம்புல ரொம்ப நேரம் நிக்கும், கிட்னி வேற வயசுக்கு மெதுவாத்தான் வேல செய்யுது, திரும்ப சுகர் இறங்கும்னு சொன்னார், சொன்ன மாதிரியே சாயந்திரம் திரும்ப இறங்குச்சு. இப்ப அந்த மாத்திரைய எடுத்துட்டாங்க, மூணு மாச சுகர் 7.8 இருக்கு, இந்த வயசுக்கு இது போதும், 6.5-க்கு கொண்டு வரணும்னு துரத்த வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அக்கா உங்க அம்மா சாப்பிடுற க்ளிமெப்பிரைடும் அதே குடும்பம் தான், சாப்பாடு குறைஞ்ச நாள்ல என்ன செய்யணும்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. சுகர் 70-க்கு கீழ போயி ஆளு முழிப்பா இருந்தா மூணு டீஸ்பூன் சீனி தண்ணில கரைச்சு குடுக்கணும், கால் மணி நேரம் கழிச்சு திரும்ப பாக்கணும். முழிப்பு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தக் கூடாது.

மூலிகைப்பிரியன்:

நம்ம மாவட்டத்துல இல்லாத வைத்தியமா? ஆசான்மாரும் வைத்தியர்மாரும் தலைமுறை தலைமுறையா பாத்த முட்டு வலி தான இது. இந்த 16-ஐயும் தூக்கி தூர போடுங்க தங்கச்சி, எண்ணெய் இட்டு தடவி, கஷாயமும் அரிஷ்டமும் குடுத்தா போதும், பக்கவிளைவே கெடையாது. என் அம்மாச்சி 92 வயசு வரைக்கும் இப்படித்தான் இருந்தாங்க.

ரிட்டயர்டு சிஸ்டர்:

மக்களே, 16-ஐயும் தூக்கிப் போடாத. இத முதல்ல சொல்லிட்டு தான் மத்தது.

நான் கிராம செவிலியரா வேல பாத்தவ, கோட்டாறு ஆயுர்வேத காலேஜுக்கு எனக்க முதுகு வலிக்கு நானே போயிருக்கேன், எண்ணெய் போட்டு தடவுறதுக்கு நான் எதிரி இல்ல. அம்மைக்க முட்டுக்கு எண்ணெய் இடுகது நல்லது தான், அதுல கெடுதல் இல்ல. ஆனா உள்ளுக்கு குடுக்கது எல்லாம் மருந்து தான் தம்பி. அரிஷ்டத்துல தானா ஊறி வர சாராயச் சத்து உண்டு, பாட்டில்லயே அளவு போட்டிருக்கும், அதையும் அல்பிரசோலத்தையும் ஒரே ராத்திரி குடிச்சா வயசானவ கக்கூஸுக்கு போகும்போது விழுவா. அதிமதுரம் சேந்த கஷாயம் நாள்பட குடிச்சா பி.பி. ஏறும், உடம்புல பொட்டாசியம் குறையும், ப்யூரோசெமைடும் பொட்டாசியத்த கொண்டு போற மாத்திரை, ரெண்டும் சேந்தா என்னாகும்? வைத்தியர்கிட்ட போனா இங்கிலீஷ் மாத்திரை லிஸ்ட காட்டு, டாக்டர்கிட்ட போனா கஷாயம் குடிக்கது சொல்லு. ரெண்டு பக்கமும் மறைச்சா ரெண்டு பேராலயும் உதவ முடியாது.

பிள்ளே, வீட்டுல உள்ளத ஒண்ணு விடாம ஒரு பையில போட்டு எடுத்துட்டு போ. பழைய சீட்டு, தீந்து போன அட்டை, கண்ணு சொட்டு மருந்து, தைலம், இருமல் டானிக், சளிக்கு வாங்கி வெச்ச அவில், சி.பி.எம். எல்லாம். அந்த சளி மாத்திரைய சாதாரணமா நினைக்காத. சி.பி.எம்.னு சொல்லுகது குளோர்பெனிரமின், அத போட்டுட்டு ஒண்ணுக்கு அடைச்சு போயி டியூப் போட வேண்டி வந்த தாத்தாமாரையும், ராத்திரி எந்திரிச்சு இருந்து இல்லாத ஆள்கிட்ட பேசுன பாட்டிமாரையும் நான் கண்டிருக்கேன்.

முதல்ல உங்க பி.எச்.சி.க்கே போ. நேரா திருவனந்தபுரத்துக்கு ஓட வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்து பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருதுல்லா, வர பிள்ளைகிட்ட சொல்லி வை, எந்த நாள்ல கூட்டம் குறைவுன்னு அவளுக்கு தெரியும். கூட்டம் குறைஞ்ச நாள் பாத்து போனா தான் டாக்டர் உக்காந்து பாப்பாரு.

பி.எச்.சி டாக்டர்:

நான் இந்த மாவட்டத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேல பாக்குறேன். ஆளப் பாக்காம மருந்து மாத்தச் சொல்ல மாட்டேன், ஆனா லிஸ்ட படிச்சதும் ஒரு சங்கிலி தெளிவா தெரியுது, அத சொல்லியே ஆகணும்.

அம்லோடிபினால கணுக்கால் வீங்குறது ரொம்ப சகஜம். சின்ன ரத்தக்குழாய் விரிஞ்சு அங்கங்க நீர் கசியுறதால வர்ற வீக்கம் அது, உடம்புல நீர் அதிகமானதால இல்ல. அதனால நீர் மாத்திரை போட்டா வீக்கம் பெருசா குறையாது, ஆனா உடம்புல உள்ள நீரும் உப்பும் போகும், எந்திரிச்சு நின்னா பி.பி. இறங்கி கெறக்கம் வரும். அந்த கெறக்கத்துக்கு சின்னரிசின். இன்னொரு பக்கம் வலி மாத்திரையால வயித்தெரிச்சல், அதுக்கு லீவோசல்பிரைடு சேந்த கேப்சூல். சின்னரிசின், லீவோசல்பிரைடு ரெண்டுமே மூளைல டோபமின்ங்கற, உடம்பு அசைவுக்கு வேண்டிய ரசாயனத்தோட வேலைய தடுக்குற மருந்து, வயசானவங்களுக்கு நடுக்கம், இறுக்கம், தேச்சு நடக்குறது, முகத்துல உணர்ச்சி இல்லாம போறதுன்னு அப்படியே பார்கின்சன் நோய் மாதிரி கொண்டு வரும். இவங்க ரெண்டையும் சேத்து சாப்பிடுறாங்க. அந்த நடுக்கத்துக்கு ட்ரைஹெக்சிபெனிடில், அது மலச்சிக்கலும் மறதியும் குடுக்குது. அடுத்து மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, மறதிக்கு ஒரு மருந்துன்னு போயிடும், அதுக்கு முன்ன நீங்க கேட்டது நல்லதா போச்சு.

இது ஒரு வீட்டுல மட்டும் நடக்குறது இல்ல. முதியவங்களுக்கு தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்குன்னே அமெரிக்காவுல மார்க் பியர்ஸ்ங்கற டாக்டர் 1991-ல ஒரு பட்டியல் கொண்டு வந்தார், இன்னைக்கும் பியர்ஸ் பட்டியல்னு தான் பேரு, 2023-லயும் அத புதுப்பிச்சாங்க. அயர்லாந்துல இருந்து ஸ்டாப்னு இன்னொரு பட்டியல் 2008-ல வந்துது. க்ளிபென்கிளமைடு, அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரைகள், ட்ரைஹெக்சிபெனிடில், பழைய சளி மாத்திரைகள், நாள்பட்ட வலி மாத்திரைகள் எல்லாம் அந்தப் பட்டியல்கள்ல பேசப்படுற மருந்துகள் தான். எழுதவே கூடாதுன்னு அர்த்தம் இல்ல, எழுதுறதுக்கு முன்ன ரெண்டு தடவ யோசிக்கணும்னு அர்த்தம். அந்த யோசனைக்குத்தான் எங்க ஓ.பி.ல நேரம் கெடைக்க மாட்டேங்குது, இத நான் வருத்தத்தோட தான் சொல்றேன்.

கிட்னி பத்தி ஒண்ணு. கிரியாட்டினின்ங்கறது கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு பாக்குற ரத்த டெஸ்ட். உங்க அம்மாவோட கிரியாட்டினின் 1.1-ன்னு வெச்சுக்குவோம், லேப் ரிப்போர்ட்ல நார்மல்னு தான் வரும். ஆனா 74 வயசு, 46 கிலோ, பெண்ணுன்னு கணக்கு போட்டா கிட்னி வடிகட்டுற அளவு நிமிஷத்துக்கு 33 மில்லி கிட்ட தான் வரும். வயசான உடம்புல தசை குறைவு, அதனால கிரியாட்டினின் கம்மியா காட்டும், நார்மல்னு நம்பி தினம் ரெண்டு வேள அசிக்ளோபெனாக் குடுத்தா மிச்சம் இருக்குற கிட்னியும் போகும். வலி மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்றது கிட்னிக்கு இன்னும் மோசம், கூட டெல்மிசார்டன், எனலாப்ரில் மாதிரி பி.பி. மாத்திரையும் இருந்தா ரொம்ப ஆபத்து.

நீங்களா நிறுத்தக் கூடாதது எது எதுன்னா, அல்பிரசோலம் திடீர்னு நிறுத்துனா பதட்டம், தூக்கமே இல்லாம போறது, சிலருக்கு வலிப்பு கூட வரும், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா தான் குறைக்கணும். ட்ரைஹெக்சிபெனிடிலும் அப்படித்தான் குறைக்கணும். படிக்கிற மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன், அட்டெனலால் மெட்டோப்ரலால் மாதிரி பி.பி., இதய மாத்திரைகள், ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, இதயத்துல ஸ்டென்ட் வெச்சவங்களோட ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், இதெல்லாம் இத படிச்சுட்டு நிறுத்திடாதீங்க. ப்யூரோசெமைடு கூட இதயம் பலவீனமானவங்களுக்கு உயிர் காக்குற மருந்து, உங்க அம்மாவுக்கு எதுக்காக எழுதுனாங்கன்னு பழைய சீட்டையும் எக்கோவையும் (இதயத்த பாக்குற ஸ்கேன்) பாத்துட்டு தான் முடிவு பண்ணணும்.

பை நிறைய மருந்தோட பி.எச்.சி.க்கு போங்க. உக்காந்து ஒரு தடவ, எந்திரிச்சு நின்னதும் ஒரு தடவ, மூணு நிமிஷம் கழிச்சு ஒரு தடவ பி.பி. பாக்கச் சொல்லுங்க. சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பாக்கணும். மெட்பார்மினும் பேன்டோபிரசோலும் பல வருஷம் சேந்து போனா வைட்டமின் பி12 குறையும், கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், அதையும் பாத்துடலாம். எங்களால முடியாதத ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு எழுதி அனுப்புவோம். நரம்பு டாக்டர பாக்குறதும் நல்லது தான், ஆனா போகும்போது சின்னரிசினும் லீவோசல்பிரைடும் சாப்பிடுறாங்கன்னு முதல் வாக்கியமா சொல்லுங்க.

திருவட்டார் பிள்ளை:

ரெண்டு மாசம் கழிச்சு வாறேன், எழுத லேட்டாயிட்டு, மன்னிக்கணும். சிஸ்டர் சொன்ன மாதிரி எல்லாத்தையும் துணிக்கடை பையில போட்டு கொண்டு போனோம். டாக்டரம்மா மேசையில கொட்டி ஒண்ணொண்ணா எடுத்து இது எதுக்கு, யாரு தந்தது, எப்ப இருந்துன்னு கேட்டு எழுதுனாவ. உக்காந்திருக்கும்போது பி.பி. 132, எந்திரிச்சு நின்னா 104. பார்மசிஸ்ட் தம்பி கேட்டதும் சரி, பழைய பர்ஸுக்குள்ள செட்டு மாத்திரை கவர் ரெண்டு இருந்துது, எப்பவாவது தான் போடுவேன்னு அம்மை சொன்னாவ.

முதல்ல சின்னரிசின், கேஸ் கேப்சூல், வலி மாத்திரை மூணையும் எடுத்துட்டாவ. மெட்பார்மின் ரெட்டிப்பா போனத சரி பண்ணி, க்ளிமெப்பிரைட நிறுத்திட்டாவ. எக்கோ எடுத்துப் பாத்து இதயம் நல்லா இருக்குன்னு தெரிஞ்ச பிறகு ப்யூரோசெமைட விட்டு, அம்லோடிபின பாதியாக்குனாவ. ட்ரைஹெக்சிபெனிடில் பைய பைய குறைச்சு இப்ப இல்ல. பி12 ரொம்ப குறைவு, ஊசி போடுதாவ. ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தல, ஒண்ணு மாத்தி ஒரு வாரம் ரெண்டு வாரம் பாத்துட்டு தான் அடுத்தது.

இப்ப நடுக்கம் நல்லா குறைஞ்சிருக்கு, முழுசா போகல. போக இன்னும் சில மாசம் ஆகலாம், போகலன்னா ஆசாரிபள்ளத்துல நரம்பு டாக்டர்கிட்ட காட்டலாம்னு சொல்லியிருக்காவ. ஆனா கால தூக்கி வெச்சு நடக்காவ, போன ஞாயிறு கோழிய விரட்டிட்டு போனாவ, அத பாத்து அண்ணன் அழுதுட்டான். மறதியும் முன்ன மாதிரி இல்ல, மாத்திரை பேர எல்லாம் இப்ப அம்மையே சொல்லுதாவ.

ரெண்டு பிரச்சினை பாக்கி. முட்டு வலி திரும்ப வந்துட்டு. அல்பிரசோலம் பாதியா குறைச்சதுல இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு இருக்காவ, பழைய டோஸே தான்னு சண்டை போடுதாவ.

ரிட்டயர்டு சிஸ்டர்:

கேக்கவே சந்தோஷமா இருக்கு பிள்ளே. முட்டுக்கு பாராசிட்டமால் 500 டாக்டர் சொல்ற அளவுல குடு, இந்த எடைக்கு நாள் மொத்தம் 2 கிராமுக்கு மேல அவரு சொல்லாம போகாத. கட்டில் விளிம்புல உக்காந்து கால நேரா நீட்டி பத்து எண்ணுகது வரைக்கும் பிடிச்சு இறக்கணும், ரெண்டு காலும் மாத்தி மாத்தி காலைலயும் சாயந்திரமும். தொடை சதை பலப்பட்டா முட்டுக்கு பாரம் குறையும். அடுப்பு பக்கத்துல குத்த வெச்சு இருக்கத நிறுத்தி ஸ்டூல் போட்டுக் குடு, கக்கூஸ்ல ஒரு கைப்பிடி வை.

தூக்கத்துக்கு, மதியம் சாப்பிட்டுட்டு படுக்கத அரை மணி நேரத்தோட எழுப்பி விடு. நாலு மணிக்கு மேல சாயா வேண்டாம். ராத்திரி ஏழு மணிக்கே படுக்க வெச்சா ரெண்டு மணிக்கு முழிப்பு வரத்தான் செய்யும், அது ஏழு மணி நேர தூக்கம் தானே, அத அம்மைகிட்ட எடுத்து சொல்லு. பத்து மணிக்கு படுக்கட்டும். சண்டை போடுகது கொஞ்ச நாள் இருக்கும், பழைய டோஸுக்கு போகாத, ரொம்ப கஷ்டப்பட்டா இப்ப உள்ள அளவையே இன்னும் ரெண்டு வாரம் குடுத்துட்டு பிறகு குறைக்கலாமான்னு டாக்டரம்மாகிட்ட கேளு.

கருங்கல் டு குவைத்:

அக்கா ரொம்ப சந்தோஷம். இத படிச்சுட்டு எங்க அப்பாவோட அட்டைய அம்மாவ வீடியோ கால்ல காட்டச் சொன்னேன், அவரும் ஒரு கேஸ் கேப்சூல் போடுறாரு, அதுல லீவோசல்பிரைடு இல்ல, பேன்டோபிரசோல் கூட டொம்பெரிடோன்னு போட்டிருக்கு. இது பரவாயில்லையா?

மார்த்தாண்டம் பார்மசிஸ்ட்:

அண்ணே அதுவும் நாள்பட போட வேண்டியது இல்ல. டொம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்ப தாறுமாறாக்கும், 60 வயசுக்கு மேல ஆபத்து கூடுதல், ஐரோப்பாவுல 2014-லயே ஒரு வாரத்துக்கு மேல வழக்கமா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அப்பா எத்தன மாசமா போடுறாரு, இதய மாத்திரை எதுவும் இருக்கா, இப்ப ஆன்டிபயாடிக் ஏதும் ஓடுதா, இத எல்லாம் எழுதி, அட்டைய போட்டோ எடுத்து, அடுத்த தடவ டாக்டர பாக்கும்போது காட்டச் சொல்லுங்க. வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ போடுறவரா இருந்தா பேன்டோபிரசோல் தேவைப்படலாம், அதனால கேப்சூல மொத்தமா நிறுத்தச் சொல்லாதீங்க, டொம்பெரிடோன் இல்லாத தனி பேன்டோபிரசோலா மாத்தலாமான்னு கேக்கச் சொல்லுங்க.